நடுக்கடலில் சிறு பாய்மரப் படகும் புயலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரையிலிருந்து பல நூறு கடல் மைல் தள்ளி, 8 முதல் 14 மீட்டர் நீளமுள்ள படகு, உள்ளே இரண்டு மூன்று பேர், ஒதுங்க ஒரு துறைமுகமும் இல்லை. அந்த நிலையில் புயல் வந்தால் என்ன செய்வது என்பதற்கு மட்டும்தான் இங்கே பதில்கள் இருக்கின்றன. கரையோரப் பயணத்துக்கு இவற்றில் பாதி பொருந்தாது. படகு என்று சொல்லும் இடங்களில் அடியில் கனமான கீல் உள்ள ஒற்றை உடல் படகையே சொல்கிறேன். இரட்டை உடல் கொண்ட கட்டமரனுக்குத் தனியாக ஒரு கேள்வி கீழே உண்டு.

படகைக் கவிழ்ப்பது காற்றா, அலையா?

அலைதான். அதிலும் உடையும் அலை.

காற்று படகைச் சாய்க்கும். ஆனால் படகு சாயச் சாயப் பாயில் காற்றின் பிடி குறைந்துகொண்டே வரும், கீழே கீலின் எடை நிமிர்த்தப் பார்க்கும். அதனால் காற்று மட்டும் ஒரு நல்ல படகைத் தலைகீழாகப் புரட்டுவது அரிது. அது செய்யும் கேடு வேறு வகை: பாயைக் கிழிக்கும், பாய்மரத்தை முறிக்கும், காதில் விடாமல் ஊளையிட்டு ஆளைச் சோர வைக்கும். இதோடு ஒரு கணக்கையும் மனதில் வைக்க வேண்டும். காற்றின் விசை வேகத்தின் இருமடிப்படி ஏறும். 20 நாட் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) காற்று 40 நாட் ஆனால் விசை இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. 60 நாட் என்றால் ஒன்பது மடங்கு.

அலையின் கதை வேறு. சாதாரண அலையில் நீர் முன்னால் ஓடுவதில்லை, ஒரே இடத்தில் வட்டமடிக்கிறது. ஓடுவது அதன் வடிவம் மட்டும். எனவே 10 மீட்டர் உயர அலையானாலும் சரிவு மெதுவாக இருந்தால் படகு கார்க் போல ஏறி இறங்கிவிடும். பயமாக இருக்கும், ஆபத்து குறைவு. அலையின் உயரம் அதன் நீளத்தில் ஏழில் ஒரு பங்கை நெருங்கும்போதுதான் சிக்கல். முகடு தன்னைத் தாங்க முடியாமல் உடைந்து சரிகிறது. அந்தக் கணத்தில் வடிவத்தோடு நீரும் ஓடத் தொடங்குகிறது. 10 வினாடி இடைவெளியில் வரும் ஆழ்கடல் அலையின் நீளம் சுமார் 156 மீட்டர், வேகம் ஏறக்குறைய 30 நாட். ஒரு கன மீட்டர் கடல்நீர் ஒரு டன்னுக்கும் மேல். அப்படிப் பல டன் நீர் அந்த வேகத்தில் படகின் விலாவில் மோதினால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஆக, உடையும் அலைக்கு விலாவைக் காட்டக் கூடாது. கீழே வரும் முறைகள் எல்லாமே இந்த ஒரு வேலைக்குத்தான். சிலது அணியத்தை, அதாவது முன்முனையை, அலைப்பக்கம் வைக்கப் பார்க்கும். சிலது பின்முனையை வைக்கும்.

எவ்வளவு உயர அலை என்றால் கவிழும்?

1979 ஆகஸ்டில், இங்கிலாந்திலிருந்து கிளம்பும் ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் பந்தயத்தில் 303 படகுகள் கிளம்பின. 13ஆம் தேதி இரவு வந்த புயலில் போட்டியாளர்கள் 15 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் வுல்ஃப்சன் பிரிவு, தொட்டியில் அலை எழுப்பி மாதிரிப் படகுகளைச் சோதித்தது. அதில் வந்த விடை எளிமையானது. விலாவில் மோதும் உடையும் அலையின் உயரம் படகு நீளத்தில் 30 விழுக்காடு இருந்தால் சில வகைப் படகுகள் கவிழ்ந்தன. 60 விழுக்காடு இருந்தால் சோதித்த எல்லாமே கவிழ்ந்தன. 10 மீட்டர் படகுக்கு இது 3 மீட்டர், 6 மீட்டர். நடுக்கடலில் 3 மீட்டர் உடையும் அலைக்குப் பெரும்புயல் தேவையில்லை என்பதைக் கவனியுங்கள்.

வானிலை அறிக்கையில் வரும் அலை உயரம் உச்ச அளவு இல்லை என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. அது இருப்பதில் உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. தனி அலை ஒன்று அதன் இரு மடங்கு வரை வரலாம். அறிக்கை 4 மீட்டர் என்றால் 7, 8 மீட்டர் அலை ஒன்று எப்போதாவது வரும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

இடமும் முக்கியம். காற்றும் நீரோட்டமும் எதிரெதிராக ஓடும் இடத்தில் அலைகள் நெருங்கி, செங்குத்தாகி, உடையும். தென்னாப்பிரிக்கக் கரையோரம் தென்மேற்காக ஓடும் அகுல்லாஸ் நீரோட்டத்தில் தென்மேற்குக் காற்று எழுந்தால் இப்படித்தான் ஆகும். அங்கே படகோட்டிகள் 200 மீட்டர் ஆழக் கோட்டுக்குக் கரைப்பக்கமாக ஒதுங்குவார்கள், ஏனென்றால் நீரோட்டத்தின் வேகம் அதற்கு வெளியேதான் அதிகம். அமெரிக்கக் கிழக்குக் கரையோரம் வடக்காக ஓடும் கல்ஃப் ஸ்ட்ரீமில் வடக்கிலிருந்து காற்று அடித்தாலும் இதே கதை.

துறைமுகத்துக்கு ஓடிவிட்டால் என்ன?

ஒரு நாளைக்கும் குறைவான தூரம், புயலுக்கு முன் பகல் வெளிச்சத்தில் உள்ளே நுழைந்துவிடலாம் என்றால் ஓடலாம். இல்லாவிட்டால் வேண்டாம். 6 நாட் வேகத்தில் 24 மணி நேரத்தில் 144 கடல் மைல்தான் போக முடியும், புயல் அதைவிட வேகமாக வரும். பாதி வழியில் மாட்டினால் காற்று உங்களைக் கரையை நோக்கித் தள்ளும், ஆழம் குறையக் குறைய அலை உடையும். திறந்த கடலில் படகுக்கு இருக்கும் ஒரே சொத்து, காற்று போகும் திசையில் உள்ள வெற்று வெளி. 50 மைல் வெளி இருந்தால் ஒரு நாள் முழுக்க 2 நாட் வேகத்தில் பின்னோக்கி நகர்ந்தாலும் கவலையில்லை.

புயல் வருவதை எப்போது தெரிந்துகொள்ளலாம்?

செயற்கைக்கோள் வழியாகக் காற்றுக் கணிப்புக் கோப்புகள் வருவதால் இப்போது இரண்டு மூன்று நாள் முன்பே பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆனால் அந்தக் கோப்புகளில் இருப்பது கணினி கணித்த சராசரிக் காற்று. காற்றின் திடீர் வீச்சு அதைவிட 40 விழுக்காடு வரை கூடலாம். 35 என்று திரையில் பார்த்தால் 50க்குத் தயாராகுங்கள்.

கணினிக்கு வெளியே, பழைய காற்றழுத்தமானி இன்றும் பொய் சொல்லாத நண்பன். மூன்று மணி நேரத்தில் 6 ஹெக்டோபாஸ்கலுக்கு மேல் இறங்கினால் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டுப் படகைத் தயார் செய்யுங்கள். மணிக்கொரு முறை எழுதி வைத்தால்தான் இறக்கம் கண்ணுக்குத் தெரியும். நினைவிலிருந்து பார்த்தால் எப்போதும் "கொஞ்சம்தான் இறங்கியிருக்கு" என்றே தோன்றும்.

பாயை எப்போது சுருக்க வேண்டும்?

"சுருக்கலாமா" என்ற எண்ணம் முதல் தடவை வந்தபோது. இரண்டாவது தடவை யோசிக்கும்போது வேலை இரண்டு மடங்கு கடினமாகியிருக்கும்.

புயல் பாய்களையும் இதே கணக்கில் வையுங்கள். கண்ணில் படும் ஆரஞ்சு நிறத்தில் தைத்த ஸ்டார்ம் ஜிப்பும் (சிறிய, கெட்டியான முன்பாய்) டிரைசெயிலும் (பிரதான பாய்க்குப் பதிலாக ஏற்றும் சிறு பாய்) பெரும்பாலான படகுகளில் பைக்குள்ளேயே கிடந்து புத்தம் புதிதாக இருக்கும். பந்தய விதிகளின்படி ஸ்டார்ம் ஜிப்பின் பரப்பு, முன்பாய் முக்கோண (பாய்மரத்துக்கும் அணியத்துக்கும் இடையே முன்பாய் ஏறும் இடம்) உயரத்தின் இருமடியில் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 14 மீட்டர் உயரம் என்றால் 10 சதுர மீட்டருக்கும் கீழ். பார்த்தால் கைக்குட்டை மாதிரி இருக்கும், 50 நாட் காற்றில் அதுவே தாராளம். உருளையில் சுற்றும் முன்பாயைப் பாதி சுற்றி வைத்து ஸ்டார்ம் ஜிப்புக்குப் பதிலாக ஓட்டுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். சுற்றுக்கயிறு அறுந்தால் முழுப் பாயும் விரிந்துவிடும், அந்தக் காற்றில் அதை அடக்க ஆளில்லை.

முதலில் முயல வேண்டிய முறை எது?

ஹீவ் டூ. படகை ஏறக்குறைய நிறுத்தி, அணியத்தைக் காற்றுக்கு 50, 60 பாகை கோணத்தில் வைத்துக்கொண்டு மெல்லப் பின்வாங்குவது.

செய்முறை இது. நன்றாகச் சுருக்கிய பிரதான பாயும் சிறு முன்பாயும் வைத்துக்கொண்டு காற்றுக்கு எதிராக வந்து பக்கம் மாற்றுங்கள். ஆனால் முன்பாயின் கயிற்றை அவிழ்க்காதீர்கள். இப்போது முன்பாய் தவறான பக்கத்தில் காற்று வாங்கி அணியத்தைக் காற்றிலிருந்து விலக்கித் தள்ளும். சுக்கான் பிடியைக் காற்று போகும் பக்கத்துக்குத் தள்ளிக் கட்டுங்கள். சக்கரமாக இருந்தால் காற்று வரும் பக்கம் திருப்பிக் கட்டுங்கள். பிரதான பாயும் சுக்கானும் படகைக் காற்றை நோக்கித் திருப்பப் பார்க்கும், முன்பாய் விடாது. இந்த இழுபறியில் படகு அடங்கிவிடும்.

முதல் முறை செய்பவர்கள் அந்த அமைதியைப் பார்த்து நம்ப மாட்டார்கள். ஒரு நிமிடம் முன்பு வரை எல்லாம் ஆடிக்கொண்டிருந்த கேபினில் தேநீர் போடலாம். படகு 1, 2 நாட் வேகத்தில் பக்கவாட்டில் நகரும்போது, அது கடந்துவந்த இடத்தில் காற்று வரும் பக்கம் வழவழப்பான ஒரு நீர்த்தடம் உருவாகும். வரும் அலைகளில் சில அந்தத் தடத்தில் பட்டுக் கலைந்துபோகும். படகு முன்னோக்கி ஊர்ந்தால் தடத்தை விட்டு வெளியே வந்துவிடும், பயன் போய்விடும். எனவே கோணத்தையும் பாயளவையும் மாற்றி மாற்றிப் பார்த்து, முன்னோட்டம் நிற்கும் நிலையைக் கண்டுபிடிக்க வேண்டும். காற்று மிகவும் கூடினால் பல படகுகளில் முன்பாய் அணியத்தை அளவுக்கு மீறித் தள்ளிவிடும். அப்போது முன்பாயை இறக்கிவிட்டு டிரைசெயிலை மட்டும் வைத்துக் கிடப்பார்கள்.

நீண்ட கீல் உள்ள பழைய வகைப் படகுகள் இதில் நன்றாக உட்காரும். குறுகிய ஆழமான கீலும் அகன்ற பின்புறமும் கொண்ட புதிய படகுகள் கொஞ்சம் அடம் பிடிக்கும், முன்னே ஓடப் பார்க்கும். உங்கள் படகு எந்த ரகம் என்பதை 25 நாட் காற்றுள்ள ஒரு பகலில் முயன்று பார்த்துவிடுங்கள். 50 நாட் இருட்டில் அல்ல.

எல்லாப் பாயையும் இறக்கிவிட்டு, கேபினைச் சாத்திக்கொண்டு சும்மா கிடந்தால்?

பலரும் செய்கிறார்கள், ஏனென்றால் அதற்கு வேலையே இல்லை. மிதமான புயலில் தப்பித்தும் வந்திருக்கிறார்கள். ஆனால் பாயில்லாத படகு தானாகவே காற்றுக்கும் அலைக்கும் குறுக்கே திரும்பிக்கொள்ளும். அதாவது எதைக் காட்டக் கூடாதோ அந்த விலாவை நாள் முழுக்கக் காட்டிக்கொண்டு கிடக்கும். அலைகள் உடையத் தொடங்கியபின் இது உத்தியே அல்ல.

மைல்ஸ், பெரில் ஸ்மீட்டன் தம்பதியின் ட்ஸு ஹாங் படகு இதற்கு நல்ல பாடம். 1957 பிப்ரவரியில் கேப் ஹார்னுக்கு மேற்கே, பின்னால் கயிறு இழுத்தபடி காற்றோடு ஓடிக்கொண்டிருந்தபோது படகு முன்முனை குத்திக் குட்டிக்கரணம் போட்டது, பாய்மரங்கள் போயின. தப்பி, பழுதுபார்த்து, அதே ஆண்டு டிசம்பரில் மறுபடியும் போனார்கள். இம்முறை ஓடாமல் பாயை இறக்கிவிட்டுச் சும்மா கிடந்தார்கள். படகு பக்கவாட்டில் புரண்டது, பாய்மரங்கள் மறுபடி போயின. சும்மா கிடப்பது எவ்வளவு ஆபத்து என்பதோடு, காற்றோடு ஓடுவதும் தன்னளவில் காப்பாற்றாது என்பதையும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் காற்றோடு ஓடலாமா, கூடாதா?

ஓடலாம். ஆனால் எவ்வளவு வேகத்தில் என்பதுதான் விவகாரம், அதில் பெரிய படகோட்டிகளே ஒத்துப்போவதில்லை.

வேகமாக ஓடினால் படகு அலையின் முகப்பில் சறுக்கத் தொடங்கும். அடிவாரத்தில் அணியம் நீரில் குத்தினால் பின்முனை மேலே தூக்கிக் கவிழும், அல்லது சட்டென்று பக்கவாட்டில் திரும்பி விலாவைக் காட்டும். மெதுவாக ஓடினால் சுக்கானுக்குப் பிடி இருக்காது, பின்னால் வரும் அலை மேலே ஏறும். ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968–69இல் சுஹைலியில் தனியாக உலகைச் சுற்றியபோது நீண்ட தடித்த கயிறுகளைப் பின்னால் இழுத்து வேகத்தைக் குறைத்தார். பிரெஞ்சுப் படகோட்டி பெர்னார்ட் மொய்ட்டெஸியே அதற்குச் சில ஆண்டுகள் முன் தென்கடலில் இழுத்துவந்த கயிறுகளை வெட்டிவிட்டு, அலையைப் பின்பக்கம் 15, 20 பாகை சரிவாக வாங்கியபடி விட்டு ஓடினார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தனியாகத் தென்கடலைச் சுற்றிய அர்ஜென்டினாக்காரர் வீட்டோ டூமாஸின் வழி அது.

இருவரும் பிழைத்தார்கள், இருவரும் சரி என்று சொல்லிவிடலாம். ஆனால் மொய்ட்டெஸியேயின் முறைக்கு ஒவ்வொரு அலைக்கும் சுக்கானில் ஒரு கை வேண்டும். பகலில், களைப்பில்லாமல், அலை கண்ணுக்குத் தெரியும்போது அது அருமை. முப்பது மணி நேரம் தூங்காமல், நள்ளிரவில், இரண்டு பேர் மட்டுமுள்ள படகில்? தவறு ஒன்று போதும். ஆட்கள் குறைந்த படகுக்கு, ஆள் தேவைப்படாத முறையே நல்லது என்பது என் தரப்பு. அடுத்த கேள்வி அதைப் பற்றித்தான்.

சீ ஆங்கர், ட்ரோக் இரண்டும் ஒன்றா?

இல்லை. இந்தக் குழப்பத்தால் தவறான சாமானை வாங்கியவர்கள் உண்டு.

சீ ஆங்கர் என்பது நீருக்கடியில் விரியும் பாராசூட். அணியத்திலிருந்து விடுவது. படகைக் கிட்டத்தட்ட நிறுத்தி, முகத்தை அலைப்பக்கம் பிடித்து வைக்கும். 10–12 மீட்டர் படகுக்கு 4, 5 மீட்டர் விட்டமுள்ள பாராசூட் வேண்டும். அதற்கு இழுபட்டுச் சுருங்கும் நைலான் கயிறு, படகு நீளத்தின் 10 மடங்குக்குக் குறையாமல் விட வேண்டும். குறை என்னவென்றால், ஒற்றை உடல் படகு இதில் நேராக நிற்காது. இடமும் வலமுமாக அலைபாயும், இடையிடையே விலாவைக் காட்டும். பெரிய அலை பின்னோக்கித் தள்ளினால் சுக்கான் உடையலாம். லின், லேரி பார்டி தம்பதி இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். பாராசூட் கயிற்றில் இன்னொரு கயிற்றைப் பிணைத்துப் படகின் பின்பக்கத்துக்குக் கொண்டுவந்து, படகை 50 பாகை கோணத்தில் ஹீவ் டூ நிலையிலேயே பிடித்து வைப்பார்கள். பொறுமையும் பழக்கமும் உள்ளவர்களுக்கு நல்ல முறை.

ட்ரோக் பின்முனையிலிருந்து விடுவது. நிறுத்தாது, வேகத்தைக் குறைத்துப் பின்முனையை அலைப்பக்கம் வைத்திருக்கும். ஒற்றைக் கூம்பு ட்ரோக் ஒன்று உண்டு. அதில் படகு ஓடும், ஆனால் சுக்கானை யாராவது பிடிக்க வேண்டும், சில நேரம் அலையின் முகப்பிலிருந்து அது வெளியே பிடுங்கிக்கொள்ளும். ஃபாஸ்ட்நெட் புயலுக்குப் பிறகு அமெரிக்கப் பொறியாளர் டான் ஜோர்டான் உருவாக்கிய தொடர் ட்ரோக்கில் இந்தக் குறை இல்லை. நூறு மீட்டர் அளவிலான கயிறு ஒன்றில், உள்ளங்கை அகலமுள்ள சிறு துணிக் கூம்புகள் நூறுக்கு மேல் கோத்திருக்கும். கடைசியில் ஒரு சங்கிலி எடை. எந்த நேரத்திலும் ஏதோ சில கூம்புகள் ஆழத்தில் நீரைப் பற்றிக்கொண்டிருக்கும், அதனால் அலை தூக்கியதும் ஓரிரு வினாடியில் இழுவை ஏறி, படகு சறுக்குவதற்கு முன்பே பிடித்துவிடும். விட்டபிறகு சுக்கானைக் கட்டிவிட்டு எல்லோரும் உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

இலவசமாக எதுவும் கிடைக்காது. மோசமான அலையில் இழுவை படகின் எடைக்குக் கிட்டத்தட்டச் சமமாகப் போகும். சாதாரணக் கயிற்றுக் கட்டைகள் தளத்தோடு பெயர்ந்து வந்துவிடும். பின்முனையின் இரு ஓரத்திலும் உடலோடு போல்ட் போட்டு இறுக்கிய உலோகப் பட்டைகள் வேண்டும். காக்பிட்டில், அதாவது சுக்கான் பிடிப்பவர் உட்காரும் பள்ளத்தில், அலை வந்து விழும். அதனால் கேபின் வாசல் பலகைகள் கெட்டியாக, பூட்டக்கூடியதாக இருக்க வேண்டும். புயல் ஓய்ந்தபின் அந்தக் கயிற்றை உள்ளே இழுப்பது ஒரு மணி நேர வேலை, வாயில் நல்ல வார்த்தை வராது. இத்தனைக்கும் பிறகும், ஆட்கள் குறைந்த ஒற்றை உடல் படகு ஒன்றுக்கு ஒரே ஒரு கருவிதான் வாங்கலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

கயிறு அறுந்தால்?

அறுப்பது இழுவை அல்ல, தேய்மானம். நைலான் நீண்டு சுருங்கும்போது தளத்தின் விளிம்பில் ஓரிரு சென்டிமீட்டர் முன்னும் பின்னும் உரசும். ஒரு இரவு போதும். உரசும் இடத்தில் சங்கிலி போடுங்கள் அல்லது தடித்த குழாய் மாட்டுங்கள். கயிற்றை அவ்வப்போது ஒரு கை நீளம் விட்டால் உரசும் இடம் மாறும். 2018 டிசம்பரில், தனியாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தில் சூசி குடாலின் படகு தென் பசிபிக்கில் குட்டிக்கரணம் போட்டபோது, அவர் ட்ரோக் விட்டுத்தான் ஓடிக்கொண்டிருந்தார். கயிறு அறுந்துபோயிருந்தது.

எஞ்சினை ஓட்டலாமா?

கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள், திட்டத்தில் சேர்க்காதீர்கள். ஆட்டத்தில் டீசல் தொட்டியின் அடியில் படிந்த கசடு கலங்கி வடிகட்டியை அடைக்கும், புரொப்பெல்லர் அலைக்கு அலை காற்றில் சுழலும். தளத்தில் தொங்கும் ஒரு கயிறு அதில் சுற்றினால் கதை முடிந்தது.

எண்ணெய் ஊற்றினால் அலை அடங்குமாமே?

பழைய கப்பல் கையேடுகளில் உண்டு. மீன் எண்ணெயும் தாவர எண்ணெயும் மேற்பரப்பில் மெல்லிய படலமாகப் பரவிச் சிற்றலைகளை அடக்கும், முகடு நுரைப்பதைக் குறைக்கும். ஆனால் படகு ஓடிக்கொண்டே இருந்தால் படலம் எங்கோ பின்னால் கிடக்கும், தளம் மட்டும் வழுக்கும்.

வெப்பமண்டலச் சூறாவளி என்றால் உத்தி மாறுமா?

மாறும். அதில் முதல் உத்தி அங்கே இல்லாமலிருப்பது. மையம் எங்கே போகும் என்ற கணிப்பில் 24 மணி நேரத்துக்கு 100, 48க்கு 200, 72க்கு 300 கடல் மைல் பிழை வைத்து விலக வேண்டும் என்பது மாலுமிகளின் 1-2-3 விதி. கணிப்புகள் இன்று அதைவிட மேம்பட்டிருக்கின்றன, ஆனால் 5 நாட் படகுக்கு அந்தப் பழைய இடைவெளியே நல்லது.

மாட்டிக்கொண்டால், எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்று கண்டுபிடிக்க வேண்டும். வட அரைக்கோளத்தில் காற்றைப் பார்த்து நின்றால் மையம் உங்கள் வலப்பக்கம், சற்றுப் பின்னால் இருக்கும். தென் அரைக்கோளத்தில் இடப்பக்கம். சூறாவளி போகும் திசையைப் பார்த்து நின்றால் வடக்கில் வலப்பாதி ஆபத்தானது, தெற்கில் இடப்பாதி. அங்கே சூறாவளியின் சொந்த நடைவேகமும் காற்றோடு சேர்ந்துகொள்ளும், போதாததற்குக் காற்று உங்களை அதன் பாதைக்கே தள்ளும்.

படகை நிறுத்திக் கவனித்தால் வட அரைக்கோளத்தில், காற்று கடிகாரச் சுற்றில் திரும்பினால் நீங்கள் ஆபத்துப் பாதியில். காற்றை வலது அணியத்தில் வைத்து, முடிந்தவரை எதிர்த்து ஓடி விலகுங்கள். எதிர்ச்சுற்றில் திரும்பினாலோ, திசை மாறாமல் அழுத்தம் மட்டும் இறங்கினாலோ, காற்றை வலது பின்பக்கத்தில் வாங்கி ஓடுங்கள். தென் அரைக்கோளத்துக்கு எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல மாற்றிக்கொள்ளுங்கள்.

கட்டமரன்?

கவிழ்ந்தால் நிமிராது. அதனால் கவிழாமல் இருப்பதில் முழுக்கவனம். அகலமான உடல் என்பதால் இரு அணியங்களிலிருந்தும் கயிறு கொண்டுவந்து பாராசூட்டில் பிணைத்தால் ஒற்றை உடல் படகைவிட நேராக நிற்கும். பின்னாலிருந்து தொடர் ட்ரோக் விடுபவர்களும் உண்டு. பாயைச் சுருக்கும் நேரத்தை இன்னும் முன்னே தள்ளுங்கள், ஏனென்றால் சாய்ந்து காட்டி எச்சரிக்கும் குணம் இந்தப் படகுக்கு இல்லை.

ஆட்களைப் பற்றி யாருமே சொல்வதில்லையே?

உண்மையில் அதிலிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும். பெரும்பாலும் படகுக்கு முன்னால் ஆள்தான் ஓய்ந்துபோகிறார். வாந்தி, குளிர், தூக்கமின்மை மூன்றும் சேர்ந்தால் நல்ல படகோட்டியும் எளிய முடிவைத் தப்பாக எடுப்பார்.

வாந்தி மாத்திரையைக் காற்று எழும் முன்பே போடுங்கள், வந்தபின் போட்டால் வயிற்றில் நிற்காது. சூடான உணவு ஒரு குடுவை நிறைய, கையில் பிடித்துச் சாப்பிடக்கூடியது. காவல் முறையை ஒரு மணி நேரமாகச் சுருக்குங்கள். படுப்பவர் உருண்டு விழாதபடி படுக்கையின் ஓரத்தில் துணித் தடுப்பு. உடலில் அணியும் ஹார்னஸைக் கேபின் வாசலில், வெளியே காலை வைக்கும் முன்பே கொக்கியில் மாட்டுங்கள். பாதுகாப்புப் பட்டை 2 மீட்டருக்கு மிகாமல், ஒரு மீட்டரில் இன்னொரு கொக்கியோடு இருக்கட்டும். தளத்தின் நடுவாக ஓடும் பாதுகாப்புக் கயிற்றில் குட்டையான பக்கத்தை மாட்டினால் படகின் விளிம்பைத் தாண்டி விழவே முடியாது. விழுந்தவரை அந்தக் கடலில் திரும்பத் தூக்குவது கிட்டத்தட்ட நடக்காத காரியம்.

கேபினுக்குள்ளும் ஒரு பார்வை. படகு தலைகீழானால் எது எது பறக்கும் என்று யோசியுங்கள். பாட்டரி, அடுப்பு, கருவிப்பெட்டி, தரைப் பலகைகள், உணவு டின்கள். தென்கடலில் புரண்ட படகுகளில் ஆட்களை அடித்துக் காயப்படுத்தியவை இவைதான். 2018 செப்டம்பரில் தெற்கு இந்தியப் பெருங்கடலில், அதே கோல்டன் குளோப் பந்தயத்தில் ஓடிய இந்தியர் அபிலாஷ் டோமியின் படகு புரண்டபோது அவர் முதுகெலும்பில் அடிபட்டு, அசைய முடியாமல் மூன்று நாள் படுக்கையில் காத்திருந்தார். படகு மூழ்கவில்லை.

எப்போது படகைக் கைவிட வேண்டும்?

மூழ்கும்போது, அல்லது அணைக்க முடியாத தீ. வேறு எதற்கும் வேண்டாம். பாய்மரம் போனாலும், சுக்கான் போனாலும், ஒருமுறை முழுக்கப் புரண்டு எழுந்தாலும் மிதக்கும் படகு, காற்று நிரப்பிய உயிர்காப்பு மிதவையான லைஃப் ராஃப்டைவிட மேலானது. ஃபாஸ்ட்நெட்டில் 24 படகுகள் கைவிடப்பட்டன, மூழ்கியவை 5தான். மற்றவை ஆளில்லாமல் மிதந்துகொண்டிருந்தன. அவற்றிலிருந்து ராஃப்டுக்கு மாறியவர்களில் சிலர் உயிரோடு இல்லை. படகு நீரில் அவ்வளவு தாழ்ந்து, ராஃப்டுக்குள் மேல்நோக்கி ஏறிப் போகும் நிலை வரும்வரை படகை விடாதீர்கள் என்று மாலுமிகள் சொல்வது இதனால்தான்.

உதவி கேட்பது வேறு விஷயம், அதைத் தள்ளிப்போடத் தேவையில்லை. 406 மெகாஹெர்ட்ஸ் அவசர ஒலிபரப்பியை உங்கள் படகின் பெயரில் முன்பே பதிவு செய்திருந்தால், அழுத்தியதும் தேடுபவர்களுக்கு யார், எந்தப் படகு என்று தெரிந்துவிடும். அழுத்தியபின் அணைக்காதீர்கள்.

பாய்மரம் முறிந்தால் ஒன்று நினைவில் இருக்கட்டும். முறிந்த மரம் நீரில் கிடந்து உடலைக் குத்தும் முன் அதன் கம்பிகளை வெட்டி விடுங்கள். மரமில்லாத படகு விரைவாக, வெட்டி வெட்டி ஆடும். மேலே எடை இல்லாததால் திடீரென உருள்வதை எதிர்க்கும் மந்தம் குறைந்து, அடுத்த உடையும் அலைக்கு அது முன்னைவிட எளிதாகப் புரளும் என்பதும் அந்தத் தொட்டிச் சோதனைகளில் தெரிந்ததுதான். ட்ரோக் இன்னும் விடவில்லை என்றால் அப்போதாவது விடுங்கள்.

காற்று குறைந்துவிட்டது. பாயை ஏற்றலாமா?

கொஞ்சம் பொறுங்கள். தாழ்வழுத்தத்தின் முகப்பு கடக்கும்போது காற்று சட்டென்று வேறு திசைக்குத் திரும்பும். வட அரைக்கோளத்தில் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வடமேற்குக்கு. ஆனால் பழைய அலை பழைய திசையிலிருந்தே இன்னும் பல மணி நேரம் வரும். புதுக்காற்று அதன்மேல் குறுக்காகப் புதிய அலையை எழுப்பும். இரண்டும் மோதும் இடங்களில் கோபுரம்போல முகடு எழுந்து, எந்தப் பக்கமும் இல்லாமல் உடையும். காற்று உச்சத்தில் இருந்தபோது தப்பிய படகுகள் இந்தக் குறுக்கலையில் புரண்டதுண்டு.

இதை முன்பே கணக்கில் எடுத்திருந்தால் இந்த நேரம் எளிதாகப் போகும். வட அரைக்கோளத்தில் காற்றை வலப்பக்கம் வாங்கும்படி ஹீவ் டூ செய்திருந்தால், காற்று திரும்பும்போது படகும் கூடவே திரும்பி, அணியம் பழைய அலையை நோக்கி வந்து நிற்கும். இடப்பக்கம் வாங்கியிருந்தால் பழைய அலை பின்விலாவில் வந்து அடிக்கும். தெற்கில் இதற்கு நேர்மாறு. ட்ரோக் விட்டிருந்தால் குறுக்கலை அடங்கும்வரை அதை எடுக்காதீர்கள். அழுத்தமானி ஏறிக்கொண்டிருக்கும், வானம் வெளுத்திருக்கும், எல்லோருக்கும் கிளம்பிவிட ஆசையாக இருக்கும். அந்த நேரத்தில் கயிற்றின் தேய்மானத்தைப் பாருங்கள், அடித்தளத்தில் சேர்ந்த நீரை இறையுங்கள், ஒருவர் மாற்றி ஒருவர் தூங்குங்கள்.